தாய்ப்பாலும் பிளாஸ்டிக் துகளும்

எம் கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, விடுதி வாழ்க்கையையும் விளையாட்டுப் போட்டிகளையும் அதிபர் அவர்களின் பிரம்பையும் பற்றி எழுத எம்மினும் வல்லார் பலர் உளர் என்பதை நினைந்தோம். ஆதலின் யாம் வேறொன்றை எழுதத் துணிந்தோம். அது பசறையில் எமது இல்லத்திற் சென்ற மாசி மாதத்தில் நிகழ்ந்தது. கைக்குழந்தைக்குப் பாலூட்டுதல் பற்றியது. பழைய மாணவர் மலரில் இஃதென்ன பேச்சு என நகைப்பார் நகைக்க. வீட்டில் ஒரு பிழை நேருங்கால் அதிற் பாதியேனும் ஆடவர் கையாலேயே நேர்கின்றது என்பதை அன்று கண்டோம். அதனை மறைத்து வைத்தலினும் எழுதி வைத்தல் பிறர்க்குப் பயன்படும் என்பது எம் எண்ணம்.

முதற்கண் எமக்கு இரசாயனம் கற்பித்த ஆசிரியரை நினைவுகூர்தல் வேண்டும். வகுப்பில் ஒருவன் எழுந்து, “ஐயா, இந்த நீரில் உப்பு இருக்கின்றது” என்பானாயின், “எவ்வளவு?” என்று கேட்பார். “கொஞ்சம்” என்றால், “எதனோடு ஒப்பிட்டால் கொஞ்சம்?” என்பார். இவ்விரு வினாக்களுக்கும் விடையறியாதவன் பாடம் முடியுமட்டும் நிற்றல் வேண்டும். யாம் பலமுறை நின்றிருக்கின்றோம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், எமது வீட்டு இஸ்தோப்பிலேயே மீண்டும் ஒருமுறை நிற்க நேர்ந்தது.

எம் பேர்த்தி பதுளையில் ஆசிரியை. தலைப்பிள்ளை பெற்றபின் எம் வீட்டிற்கு வந்து தங்கியிருந்தாள். குழந்தைக்கு ஐந்து வாரம். நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கி வாசலை மூடியிருந்த ஒரு விடியற்காலையில், குழந்தை அழுதுகொண்டிருக்க, அவள் அதனை எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கக் கண்டோம். கையிலே கைப்பேசி. கண்கள் சிவந்திருந்தன.

“தாத்தா, தாய்ப்பாலிலே பிளாஸ்டிக் இருக்கிறதாம். ஆராய்ச்சியிற் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நானே நஞ்சு கொடுக்கிறேனா?” என்றாள்.

அப்போது யாம் ஆசிரியரின் வினாவை நினைக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தோம். பால்மா டின் ஒன்றும், பாலூட்டும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றும் வாங்கி வந்தோம். கொதித்த நீரை ஆறவிடாமல் போத்தலில் ஊற்றி, மாவைக் கொட்டி, நன்றாகக் குலுக்கி, பின் குளிர்நீரில் வைத்து ஆற்றிக் கொடுத்தோம். பேர்த்தியின் அச்சத்தைத் தீர்த்துவிட்டோம் என்ற பெருமிதமும் எமக்கு இருந்தது. அன்று முழுவதும், மறுநாளும், குழந்தை போத்தலிற் குடித்தது. குடித்ததிற் பாதியைக் கக்கியது. தாய்க்கோ மார்பு கல்லாகிக் காய்ச்சல் கண்டது. அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மருத்துவ மாது வந்தார். இஸ்தோப்பில் நின்றபடியே மேசைமீதிருந்த போத்தலைக் கண்டார், உள்ளே சென்று தாயைப் பார்த்தார், திரும்பி வந்து எம்மிடம், “ஐயா, தாய்ப்பாலில் இருப்பது எவ்வளவு, இந்தப் போத்தலில் இருந்து வருவது எவ்வளவு என்று யாராவது பார்த்தீர்களா?” என்று அமைதியாகக் கேட்டார்.

விடை இல்லை. நின்றோம்.

அம்மையார் அதற்குமேல் எம்மைக் கடியவில்லை. தாயின் பக்கத்தில் அமர்ந்து, வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, சிறிது பாலைக் கையாற் பீய்ச்சி மார்பை இளக்கி, குழந்தையை அணைத்துப் பிடிக்கும் முறையைக் காட்டினார். “மகள், பிள்ளை குடித்தால்தான் பால் ஊறும். குடிக்காவிட்டால் வற்றிவிடும். இன்றைக்கும் நாளைக்கும் இரவு பகல் பாராமற் கொடுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்” என்று கூறிச் சென்றார்.

அன்றிரவு, பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் எம் பேரனை அருகிருத்தி, செய்தியின் மூலத்தைத் தேடிப் படித்தோம். படித்தவற்றை ஈண்டு சுருக்கித் தருவோம், மாணவர்க்கும் பயன்படும்.

ஐந்து மில்லிமீற்றரினும் சிறிய பிளாஸ்டிக் துணிக்கைகளை நுண்பிளாஸ்டிக் என்பர். கடற்கரை மணலிற் கலந்துள்ள அத்தகைய துணிக்கைகளைப் பற்றி இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து றிச்சட் தொம்சனும் தோழரும் 2004 இல் எழுதிய பின்னரே அச்சொல் உலகெங்கும் பரவிற்று. அதன்பின் அவற்றைத் தேடாத இடமில்லை. தேடிக் காணாத இடமும் அரிது. இத்தாலிய ஆய்வாளர் 2021 இல் ஆறு தாய்மாரின் நச்சுக்கொடிகளைச் சோதித்து, நான்கில் அவற்றைக் கண்டனர். 2022 இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருபத்திரண்டு பேரின் குருதியைச் சோதித்து, பதினேழு பேரிற் கண்டனர். அதே 2022 இலேயே இத்தாலியர் முப்பத்துநான்கு தாய்மாரின் பாலைச் சோதித்து, இருபத்தாறு பேரின் பாலிற் கண்டனர். எம் பேர்த்தி கண்ட செய்தி இதுவே. செய்தி பொய்யன்று.

ஆயினும் எவ்வளவு? ஒவ்வொருவர் பாலிலும் அவர்கள் கண்டவை சில துணிக்கைகளே. அவை இரண்டு முதற் பன்னிரண்டு மைக்கிரோமீற்றர் அளவின. ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் வருவது ஒரு மைக்கிரோமீற்றர்.

இனி, எதனோடு ஒப்பிட்டால்? அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள திரினித்திக் கல்லூரி ஆய்வாளர் 2020 இற் பொலிப்புரோப்பிலீன் எனும் பிளாஸ்டிக்காலாகிய பாற்போத்தல்களைச் சோதித்தனர். அவற்றிற் பால் தயாரிக்கும்போது ஒரு லீற்றருக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் துணிக்கைகள் வரை உதிர்ந்தன. நீர் 25 பாகை செல்சியசில் இருந்தபோது உதிர்ந்தவை ஆறு இலட்சம். 95 பாகைக்கு உயர்ந்தபோது ஐந்தரைக் கோடி. போத்தலிற் குடிக்கும் குழந்தை ஒன்று நாளொன்றுக்குச் சராசரி பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட துணிக்கைகளை விழுங்கக்கூடும் என அவர்கள் கணித்தனர்.

இவ்விரு ஆய்வுகளும் வெவ்வேறு முறைகளைக் கையாண்டவை. எனவே ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுத்து இத்தனை மடங்கு என்று கூறுதல் முறையன்று. எம் ஆசிரியர் அதற்கும் எம்மை நிறுத்திவைத்திருப்பார். ஆயினும் ஒருபுறம் விரல்விட்டு எண்ணத்தக்க சில. மறுபுறம் கொதிநீரின் வெம்மையால் உதிரும் கோடிகள். யாம் கொதிநீரை ஊற்றினோம், குலுக்கவும் குலுக்கினோம். பேர்த்தி எதற்கு அஞ்சினாளோ, அதனையே அவள் குழந்தைக்கு எம் கையால் ஊட்டினோம்.

பேரன் இவ்வெண்களை வாசித்தபோது எம் பேர்த்தி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் கூறாது உள்ளே சென்று குழந்தையை எடுத்தாள். இரண்டு நாள் போத்தலிற் பழகிய குழந்தை முதலில் முரண்டு பிடித்தது. இரவு முழுவதும் அவ்வறையில் விளக்கு அணையவில்லை. நான்காம் நாட் காலையில், குழந்தை விழுங்கும் ஓசை இஸ்தோப்பு வரை கேட்டது. அதனை எழுதுங்கால் இப்பொழுதும் எமக்கு நெஞ்சு நெகிழ்கின்றது.

தாய்ப்பாலிற் பிளாஸ்டிக் கண்ட அவ்வித்தாலிய ஆய்வாளரே, அக்காரணத்தால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்பதையும் வலியுறுத்தினர். பிறந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் ஏனைய உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. நோயெதிர்க்கும் பொருள்கள் தாய்ப்பாலில் உள. எந்த டின்னிலும் அவை அவ்வாறு இல்லை. நம் நாட்டிலே 2016 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பத்திரண்டு தாய்ப்பால் மட்டுமே குடித்தன. உலக நாடுகள் பலவற்றினும் மேம்பட்ட பெருமை இது. ஒரு செய்தித் தலைப்பினால் இதனை இழத்தல் பேதைமை.

நிற்க. தாய்ப்பாலைத் தொடரும் தாய், தன் உடலிற் பிளாஸ்டிக் சேர்வதைக் குறைக்க இயலுமா எனின், ஓரளவு இயலும். இத்துணை செய்தால் பாலில் இத்துணை குறையும் என்று கூறத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. அம்முப்பத்துநான்கு தாய்மாரின் உணவுக்கும் அவர்தம் பாலிற் கண்ட துணிக்கைகளுக்கும் தொடர்பு ஏதும் தென்படவில்லை. காற்றிலும் நீரிலும் எங்கும் பரவியதை ஒருத்தி தன் அடுக்களையில் நின்று முற்றாக விலக்க முடியாது. ஆகவே குறை காணும் தாய் தன்னையே நொந்துகொள்ளற்க. எளிதிற் குறைக்கத்தக்கதைக் குறைத்தல் அறிவுடைமை. அதற்கு ஒரே சூத்திரம் போதும்: சூடும் பிளாஸ்டிக்கும் சேரலாகாது, எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சேரலாகாது. சூடு துகளை உதிர்க்கும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிற் கலந்துள்ள இரசாயனப் பொருள்களும் உணவில் இறங்கும்.

இச்சூத்திரத்தைக் கொண்டு எம் வீட்டைச் சோதித்தோம். முதலில் அகப்பட்டது தேநீர். உலகுக்கெல்லாம் தேயிலை அனுப்பும் ஊவா மலையிலே, வெளிநாட்டு உறவினர் அன்பளித்த பட்டுப் போன்ற தேயிலைப் பைகளை வெந்நீரில் இட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்பை பட்டன்று, நைலோன். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2019 இல் அத்தகைய பை ஒன்றை 95 பாகை நீரில் இட்டபோது, ஆயிரத்து நூறு கோடிக்கு மேற்பட்ட நுண்துணிக்கைகளும், அவற்றினும் மிகச் சிறிய முந்நூறு கோடித் துணிக்கைகளும் வெளிப்பட்டதைக் கண்டனர். எம் வேலிக்கு அப்பால் விளையும் தேயிலையின் தூளை வெறும் நீரிலிட்டு, உலோக வடியால் வடித்துக் குடிக்க அறியாமற் போனோமே என்று நாணினோம்.

அடுத்தது குடிநீர். ஊற்றுநீர் பிள்ளைபெற்றவளுக்கு ஆகாது எனக் கருதிப் போத்தல் நீர் வாங்கி அடுக்கியிருந்தோம். அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2024 இற் போத்தல் நீரைச் சோதித்து, லீற்றருக்குச் சராசரி இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் துணிக்கைகளைக் கண்டனர். மறுபுறம், அதே ஆண்டிற் சீன ஆய்வாளர், நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் துணிக்கைகள் குறையும் எனக் காட்டினர். வன்னீரிற் பயன் மிகுதி. கொதிக்கும்போது படியும் சுண்ணாம்பு துணிக்கைகளைத் தன்னுட் சிறைப்படுத்திக் கீழே அமிழ்த்தும். நூற்றுக்குத் தொண்ணூறு வரை நீங்கும். மென்னீரில் நாலிலொரு பங்களவே நீங்கும். எம் மலைநாட்டு ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீரே. எனினும் நோய்க்கிருமிக்காக எப்படியும் கொதிக்கவைத்தேயாகவேண்டிய நீர், நாலிலொரு பங்கு தூய்மையைக் கூலியின்றித் தருமாயின் அதனை ஏன் விடுதல் வேண்டும்? கொதித்தாறித் தெளிந்த நீரை வெள்ளைப் பருத்தித் துணியால் வடித்துக் குடத்தில் நிறைக்கும் எம் அன்னையாரின் வழக்கம் மீண்டும் எம் வீட்டில் நடைபெறுகின்றது. நாற்பதாண்டுகளுக்கு முன் பித்தளைக் குடத்தை விற்றுப் பிளாஸ்டிக் வாளி வாங்கியவர் யாமே என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

ஏனையவை சிறியன. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளை அகற்றிப் பிரம்புத் தட்டுகளுக்குத் திரும்பினோம். நீராவியில் நாள்தோறும் வேகும் பிளாஸ்டிக்கினும் கேடு வேறென்ன? அவற்றின் விற்பனையை அரசு 2023 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து தடைசெய்தும், எம் அடுக்களையில் அவை இருந்தன. கடையிற் சுடச்சுடக் கட்டித்தரும் சோற்றுப் பொதிக்குப் பதில், வாழையிலையை வாட்டிக் கட்டுதல். அல்லது வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு செல்லுதல். கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையில் மரக்கறி வெட்டாதிருத்தல். அறையைத் துடைப்பத்தாற் கூட்டித் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தல். செயற்கைநூற் கம்பளத்திலிருந்தும் உடையிலிருந்தும் உதிரும் நாரே வீட்டுத் தூசிற் பெரும்பங்கு பிளாஸ்டிக்கைச் சேர்ப்பது. குழந்தைக்குப் பருத்தித் துணி.

எம் பேர்த்தி பணிக்குத் திரும்பிய பின்னர், பாலைப் பீய்ச்சி வைத்தல் வேண்டியதாயிற்று. அதனை மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, சிறு கிண்ணத்தால் ஊட்டுகின்றோம். எம் பாட்டியார் சங்கினால் ஊட்டியதுபோல. பிளாஸ்டிக் போத்தலே கதியென்போர் அதனைக் கொதிநீரில் இட்டுத் தூய்மைசெய்வதைக் கைவிடலாகாது. கிருமியே குழந்தைக்கு உடனடிப் பகை. தூய்மைசெய்து ஆறியபின், கொதித்தாறிய நீரால் மும்முறை அலசுக. பால்மாவைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்திற் கரைத்து, அறைவெப்பநிலைக்கு ஆறியபின் போத்தலில் ஊற்றுக, குலுக்கற்க. டப்ளின் ஆய்வாளர் கூறிய வழி இதுவே.

இத்தனையும் எழுதியபின் ஒன்று எம் மனத்தை உறுத்துகின்றது. எம் பேர்த்திக்குக் கண்ணாடிப் பாத்திரமும் மூன்றுமாத ஓய்வும் துணைக்கு நால்வரும் இருந்தனர். எம் வீட்டுக்கு மேலுள்ள தோட்டத்து லயத்திற் பிள்ளைபெற்ற தாய், பீலியிற் பிடித்த நீரைப் பழைய சோடாப் போத்தலில் நிறைத்து, வெயிலில் மலையேறிக் கொழுந்து பறிக்கின்றாள். அவள் குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருக்கின்றது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் எழுந்தது; அதன்படி இன்று, பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணிநேர வேலைக்குள் இருமுறை பாலூட்ட இடைவேளை உண்டு. அவ்விடைவேளை அவளுக்குச் செம்மையாகக் கிடைத்தலே போத்தலைத் தடுக்கும் முதல் வேலி. மலையினின்று இறங்கி ஏறுந் தொலைவும், பறித்த கொழுந்தின் நிறையும் அவ்வேலியைப் பிரித்துவிடாமற் காத்தல் நம் கடமையன்றோ? லயத்து மூலையில் எரிக்கப்படும் பொலித்தீனின் புகை அவள் மூச்சிலும் குழந்தை மூச்சிலும் கலத்தலும் நம் கண்முன்னேயே நிகழ்கின்றது.

2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் எனும் கப்பல் கொழும்புக்கு அப்பாற் கடலில் எரிந்து, ஆயிரத்தறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளைக் கரையெங்கும் கொட்டியபோது நாடே கலங்கிற்று. நம் வீட்டு மூலையிற் சிறுகச் சிறுக உதிர்வதற்கு யாரும் கலங்குவதில்லை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். யூபிலி ஆண்டின் நினைவாக வாயில் வளைவு கட்டுவோம், பதக்கம் வழங்குவோம், நன்று. அத்துடன், நம் சுற்றுப்புறத் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களுக்கு நீர் காய்ச்சும் எவர்சில்வர்ப் பாத்திரமும், பாலூட்டும் தாய்மார்க்கு ஆளுக்கொரு எவர்சில்வர்த் தண்ணீர்ப் போத்தலும் கொடுப்போமாயின், செலவு ஒரு விருந்தின் செலவுக்கு மேற்படாது. விஞ்ஞான மாணவர் தத்தம் ஊர் நீர் வன்னீரோ மென்னீரோ எனச் சவர்க்கார நுரையாற் சோதித்து எழுதிவைப்பாராயின், அதுவும் ஒரு தொண்டாகும்.

குழந்தைக்கு இப்போது பல் முளைத்திருக்கின்றது. தாய்ப்பால் குடித்தபடியே சோறும் தின்கின்றது. அன்று யாம் வாங்கிய போத்தல் எம் மேசைமீது, பேனாக்கள் வைக்கும் கூடாக நிற்கின்றது. எறிந்துவிடுமாறு வீட்டார் கூறினர், எறியவில்லை. அஞ்சத்தக்க செய்தியொன்று காதில் விழுமிடத்து, குடையை எடுக்குமுன் அதனை ஒருமுறை பார்ப்போம். எவ்வளவு? எதனோடு ஒப்பிட்டால்? எம் ஆசிரியர் அறுபதாண்டுக்கு முன் கேட்ட இவ்வினாக்களை இன்று பயிலும் மாணவர்க்குக் கையளிக்கின்றோம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!

— பசறைப் பழைய மாணவர் ஒருவர்